இருதயராஜுக்குப் பிடித்த இடங்கள்

கடைசி வாயையும் மென்று விழுங்கி, கை கழுவி, இருதயராஜ் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக்கடை. பிரெஞ்சு தோசை என்று எதையோ சுருட்டி, உள்ளே சாக்லேட் ஊற்றித் தந்திருந்தார்கள். மோசமில்லை. இருதயராஜின் தொல்லையே அதுதான். இப்போதெல்லாம் எதுவும் மோசமாக இல்லை, எதுவும் நன்றாகவும் இல்லை.

வண்டி இருக்கை வழியாக அவரை அளந்து பார்த்தது. பிறகு வங்கி வாசலில் டோக்கன் நம்பர் வாசிக்கும் குரலில், "பதிவு இல்லை" என்றது.

ஸ்டியரிங்குக்கு மேலே பச்சை விளக்கு எரியவில்லை. கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை உருவி, காலியாக இருந்த மேசைகளைத் துடைக்கப் போனார். அந்த முதுகைப் பார்க்க இருதயராஜுக்கு மனசு வலித்தது. வலியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அந்த இருக்கையில் வசதி செய்யப்படவில்லை.

வண்டி நகர்வதற்குள் சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. நெய்தல் மோட்டார்ஸ் நிவேதனா. இனிமையான பெண், கழுத்தை அறுப்பதற்கு முன்னால்கூட நலம் விசாரிப்பாள்.

"சார், உடம்பெல்லாம் நல்லாருக்கா? உங்க சீட் ரொம்ப நாளா அமைதியா இருக்கே, அதான் கேட்டேன்."

"தினம் நாலு கடையில சாப்பிட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"சாப்பிட்டா போதாதே சார், பிடிக்கணுமே."

"பிடிக்கலைன்னா நான் என்ன பண்ணட்டும்? நடிக்கவா?"

"ஐயோ, நடிச்சா சீட் கண்டுபிடிச்சுடும் சார். அதுக்காகத்தானே சீட்டே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பச்சையாவது விழலைன்னா வண்டியத் திருப்பி எடுத்துக்குவாங்க. பாண்டிச்சேரிக்கு வேற சாட்சி போட்டுடுவாங்க. எனக்கே சங்கடமா இருக்கு. ஒரு யோசனை சொல்லட்டா? மேடத்தை ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன். இத்தனை வருஷத்துல உங்க பக்கத்து சீட்டுல ஒருத்தர்கூட உட்காரலை சார்."

"பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து இருக்கையும் எல்லாவற்றையும் பார்க்கும், அதுதான் சங்கதி. மகாபலிபுரத்துச் சாட்சி ஒருத்தர் கல்யாண நாளன்று மனைவியை ஏற்றிக்கொண்டு கடற்கரை விடுதிக்குப் போனார். மெழுகுவத்தி, பாட்டு, பூங்கொத்து எல்லாம் முடிந்து வண்டியில் உட்கார்ந்ததும், "இருவரிடமும் பதிவு இல்லை" என்று அது அறிவித்துவிட்டது. அந்த வீட்டில் அப்புறம் வெகுநாள் அடுப்பு மட்டுமே பேசியது. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து இருதயராஜ் அமலோற்பவத்தை வண்டிப் பக்கமே அழைத்ததில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சார்ஜிங் நிலையத்தில் வண்டியை மாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர், புது மாப்பிள்ளை சட்டையைத் தடவுவது போலத் தன் புது நெய்தல் வண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். சேலத்துக்காரர், பெயர் குழந்தைவேலு. கேட்காமலே சொன்னார்.

"ஏங்கண்ணா, நூறு வரைக்கும் ஏத்திப்போடட்டுங்களா?"

"எண்பதோட நிறுத்திக்குங்க. தினமும் நூறு போட்டா பேட்டரி சீக்கிரம் கெழடு தட்டிடும். ஊருக்குக் கெளம்புற அன்னிக்கு மட்டும் நூறு போடுங்க."

"பீச்சோரமா நிறுத்தலாங்களா?"

"தாராளமா. வீட்டுக்குப் போனதும் அடிப்பக்கம் நல்ல தண்ணி விட்டு அலசிடுங்க, உப்புக்காத்து இரும்பத் தின்னுடும். சந்துல போறப்ப ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க. வண்டி வர்றது நாய்க்கும் தெரியாது, நம்ம ஆளுக்கும் தெரியாது. அப்புறம் ஒண்ணு. சக்கரத்துல பாதி முங்குற தண்ணின்னா எறங்கவே எறங்காதீங்க. நானாயிருந்தா திரும்பி வேற வழியா போயிடுவேன்."

கரண்டு வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் இருதயராஜ் அலுக்காமல் சொல்வார். அதில் மனசு பிடித்ததா இல்லையா என்ற கேள்வி கிடையாது. உண்மையைச் சொன்னால் போதும்.

"ஊர்ல எங்கெங்க போனீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வண்டியே சொல்லிப்போடுதுங்க. ஊருக்குள்ள நொழஞ்சதும் 'இருதயராஜுக்குப் பிடித்த இடங்கள்'னு வரிசையா வருதே." குழந்தைவேலுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முன்னெல்லாம் போன்ல பார்த்தா கடைக்கு ஆயிரம் பேரு ஆகா ஓகோன்னு எழுதியிருப்பாங்க. பார்த்தா அத்தனையும் மிஷினு எழுதினது. இவுங்க ஊருக்கு ஒரு ஆளு வெச்சிருக்காங்க, சாட்சின்னு பேரு. அந்தாளு சாப்பிட்டுட்டு வந்து சீட்டுல உக்காந்தா நாடி, மூச்சு, வேர்வை எல்லாத்தையும் சீட்டே பார்த்துக்குது. நெசமாலுமே மனசு குளுந்திருந்தாத்தான் பச்சை லைட்டு. நம்ம வண்டிக அத்தனைக்கும் அந்த எடம் போயிருது. பொய்யே சொல்ல முடியாது பாத்துக்குங்க."

"போன எடமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

குழந்தைவேலுவின் முகம் கொஞ்சம் தொங்கியது. "கூட்டமுங்க. மீன் மெஸ்ஸு ஒண்ணு, மதியம் பூரா வெயில்ல நின்னோம். உள்ள போயி சாப்பிட்டா, என்னத்தச் சொல்றது, எங்கூட்டம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. ஆனா அந்த மனுசனுக்குப் புடிச்சது நமக்குப் புடிக்கலீன்னா, நம்ம நாக்குதான செத்துப்போச்சுன்னு அர்த்தம்? ஆளு யாருன்னு தெரியல. ஆனா வாழ்றான் பாருங்க, குடுத்து வெச்சவன்."

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு, இருதயராஜ் எழுந்து போய்த் தன் வண்டியின் வயரைக் கழற்றினார்.

அந்த மீன் மெஸ், அவருடைய முதல் பச்சை விளக்கு. அப்போது அது செங்கேணியின் கடை. வைத்திக்குப்பத்தில் ஓலைக் கொட்டகை, நாலு பெஞ்சு. அவள் செய்த சுறாப்புட்டைத் தின்றுவிட்டு இவர் வண்டியில் உட்கார்ந்ததும் விளக்கு எரிந்தது. இருதயராஜ் அன்று குழந்தை மாதிரி கை தட்டினார். ஒரு நல்ல கை நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று மனசார நினைத்தார். நாலு பேருக்குப் பதிலாக நாலு மாநிலமே வந்தது. இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு காலையில் போன் செய்து, கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். இப்போது அங்கே கண்ணாடி போட்ட இரண்டு மாடிக் கட்டடம். பெயர்ப்பலகையில் செங்கேணி பெயரும் அவள் சிரித்த முகமும் இருக்கின்றன. அவள் மட்டும் இல்லை.

அவளுக்குப் பிறகு ரொட்டிக்கடை, ஒரு பழைய புத்தகக்கடை, குருசுக்குப்பத்தில் படகு ஏற்றிவைக்கும் ஒரு மணல்மேடு. எல்லாம் அவருக்கு உண்மையாகவே பிடித்தவை. பிடித்த பாவத்துக்கு ஒவ்வொன்றாகப் போயின.

அதன் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. எல்லாச் சாட்சிகளிடமும் உண்டு, வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. ஆறவிட்டு உட்காருவது என்று அவர்களுக்குள் பெயர். மனசுக்கு ஒன்று பிடித்துவிட்டால் உடனே வண்டியில் ஏறக் கூடாது. கடன்காரன், கரண்டு பில், காலாணி என்று எதையாவது நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். உடம்பில் ஒட்டிய சந்தோஷம் உதிர்ந்த பிறகுதான் இருக்கையைத் தொடலாம். வீட்டுக்கும் இதே சட்டம்தான். நெல்லித்தோப்பில் அவருடைய வாடகை வீடு தெருவின் உள்பக்கம். வண்டியைத் தெருமுனையில் மாதா கோயில் மதில் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துதான் போவார். காலையில் கிளம்பும்போதும் நடை. முதல் நாள் ராத்திரி மனைவியுடன் சிரித்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுற்றி நடந்தார். பிறகு, சுற்றி நடக்க அலுப்பாக இருக்கிறதென்று, சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

"வண்டி வாங்குன நாள்லேர்ந்து நீங்க இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரியே வர்றீங்க, போறீங்க" என்று அமலோற்பவம் ஒருமுறை சொன்னாள். அப்புறம் அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். தட்டு வைப்பாள், எடுப்பாள். முட்டிவலித் தைலம் தடவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

அன்று மாலை இருதயராஜ் செங்கேணியின் வீட்டுக்குப் போனார். எதற்கு என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நாக்கு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

அவள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது மற்ற ஓட்டல்களுக்கு ஆய்ந்து கொடுக்கிற வேலை. அவரைப் பார்த்ததும் முதல் கேள்வி, "வண்டி எங்கண்ணே?"

"பூங்காகிட்டயே விட்டுட்டேன். நடந்துதான் வர்றேன்."

"அப்ப உள்ள வாங்க."

சுறாப்புட்டும் கிழங்கான் மீன் வறுவலும் சூடாகத் தட்டில் விழுந்தன. பூண்டும் பச்சை மிளகாயும் சோம்பும் கலந்த அந்த வாசனை வந்ததுமே தட்டை அருகில் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் வைத்தார். நாக்கு சாகவில்லை. நாக்குக்கு ஒரு கேடும் இல்லை. இவர்தான் இத்தனை காலம் அதைப் பட்டினி போட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார். செங்கேணி மிளகாய் காரம் என்று நினைத்துக்கொள்வது போல நடித்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து மணலில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

"ஆறிடுச்சாண்ணே?"

"இன்னும் இல்லம்மா."

"நா ஒண்ணு சொல்லட்டா? ஆறாமலே போயி உக்காருங்க. உங்களுக்கு வேலை நிக்கும்ல? எங்கிட்ட இனிமே போறதுக்கு இன்னா கீது? இந்த ஒரு வீடுதான்."

"அந்த ஒண்ணையும் புடுங்கிக் குடுத்துட்டு நான் வண்டி ஓட்டணுமா?" இருதயராஜுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட வேணாம். நாளைக்குக் காலையில சாவியக் குடுத்துடறேன். அலுத்துப்போச்சு செங்கேணி. நெஜமாவே அலுத்துப்போச்சு."

வாய்விட்டுச் சொன்னதும் தோளிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செங்கேணி மீதிப் புட்டையும் நாலு வறுவலையும் வாழையிலையில் கட்டிக் கையில் கொடுத்தாள்.

"அக்காவுக்குக் குடுங்க. அவங்களாவது ஆறாம சாப்பிடட்டும்."

அவர் வழக்கம் போல நடந்து, அலைந்து, கரண்டு பில்லை நினைத்து, மனசைக் காயப்போட்டுவிட்டுத்தான் வண்டியில் உட்கார்ந்தார். "பதிவு இல்லை" என்றது வண்டி. அந்தக் குரலைக் கேட்டு முதல்முறையாக நிம்மதி அடைந்தார்.

நெல்லித்தோப்பை நெருங்கும்போது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. மாதா கோயில் முகப்பில், நவநாள் பூசைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடும் குடைகளோடும் கிளம்பிப்போக, அமலோற்பவம் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் தண்ணீர் புரண்டு ஓடியது. நல்ல காலே அந்தத் தண்ணீரில் தடுமாறும். அவள் முட்டி தாங்காது.

இருதயராஜ் வண்டியை முகப்புக்கு அருகில் கொண்டுபோய்க் கதவைத் திறந்தார்.

"ஏறு அமலி."

அவள் வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நானா?"

"வேற யாரு? ஏறு, நனையாத."

அவள் புடவையைச் சுருட்டிக்கொண்டு, பிறத்தியார் வீட்டு சோபாவில் உட்காருவது போல நுனியில் உட்கார்ந்தாள். தெருவுக்குள் சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். சேலத்துக்காரருக்குச் சொன்ன புத்திமதி நினைவுக்கு வந்தது. நாளைக்குத் திருப்பித் தரப்போகிற வண்டிதானே என்று இறக்கிவிட்டார். படகு மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்த வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது.

கதவைத் திறந்தால் மழை உள்ளே அடித்தது. "கொஞ்சம் விடட்டும்" என்று இருவரும் உட்கார்ந்தார்கள். பின் இருக்கையிலிருந்து வாசனை வந்தது.

"என்ன அது, மீனா?"

"செங்கேணி குடுத்தா. உனக்குத்தான்."

அவள் பொட்டலத்தை மடியில் பிரித்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு அவருக்கு ஒரு வாய் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வந்தவர் வாங்கிக்கொண்டார். கிழங்கானை முள் எடுத்து ஆளுக்குப் பாதியாகப் பிய்த்தாள்.

"இந்த வண்டிய எனக்கு சக்களத்தின்னே நெனச்சிருந்தேன்" என்றாள், இருக்கையைத் தட்டிப் பார்த்து. "பரவால்ல, மெத்து மெத்துன்னுதான் இருக்கா."

"நாளைக்கு அவள அத்துவிடப் போறேன்."

"நெஜமாவா? அப்ப மறுபடியும் சைக்கிளா?"

"சைக்கிள்தான்."

"நான் பின்னாடி உக்காந்தா நீங்க மிதிச்சிடுவீங்களா இப்ப?"

"நீ மிதி. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் புட்டை வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது. அவர் அவள் தலையில் தட்டப்போக, புட்டு ஒட்டிய கை தலைமுடியில் அப்பியது. "ஐயோ, இன்னைக்குத்தான் தலைக்கு ஊத்துனேன்!" என்று அவள் அடிக்க வந்தாள். இருதயராஜ் சிரித்தார். தன் சிரிப்பின் சத்தம் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. நிறுத்தலாம் என்று பார்த்தால் நிற்கவில்லை. கண்ணாடிகளெல்லாம் மூச்சில் புகை மூட்டிப்போய், உலகத்தில் அந்த இரண்டு இருக்கைகள் மட்டும்தான் மிச்சம் போல இருந்தது. அவர் சந்தோஷமாக இருந்தார். அது எங்கே உட்கார்ந்துகொண்டு என்பதை மறந்துபோனார்.

ஸ்டியரிங்குக்கு மேலே பச்சையாக ஏதோ மினுங்கியது.

"பதிவாகிவிட்டது" என்றது வண்டி. "இருவரிடமும்."

இருதயராஜின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு திரையில் எதை எதையோ அழுத்தினார். நீக்க வழியில்லை. நீக்கச் சொல்லிச் சாட்சிகளை யாரும் மிரட்டக் கூடாது என்பதற்காக, அந்த வசதியையே அவர்கள் வைக்கவில்லை. திரையில் படம் வந்துவிட்டது: நெல்லித்தோப்பு, தெரு, அவர் வீட்டு நீலக்கதவு. போனில் நிவேதனா: 'சார்! இந்த வருஷத்துலயே பெரிய பச்சை! என்ன இடம் சார் அது?'

"என்னங்க, என்ன ஆச்சு?"

சொன்னார். இந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், தெருமுனையில் வண்டியை நிறுத்தியது ஏன், வீட்டுக்குள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருந்தது எதற்காக என்று எல்லாவற்றையும் மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்த சீட்டு பொய் சொல்லாதுல்ல?" என்றாள் கடைசியில்.

"சொல்லாது."

"என்னோட இருந்தா உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குனிந்து, மடியில் சிந்திய புட்டை ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி இலையில் போட்டாள். மழை விட்டு நெடுநேரம் ஆன பிறகும் இருவரும் இறங்கவில்லை.

காலையில் ஹாரன் சத்தத்தில் விழிப்பு வந்தது. இருதயராஜ் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீலக்கதவைத் திறந்தார். சேறு வடியாத தெருவில், மாதா கோயில் வரைக்கும் நெய்தல் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முதல் வண்டியிலிருந்து குழந்தைவேலு இறங்கினார். கூடவே, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட அவர் மனைவி.

"அட, நீங்களும் இங்க வந்துட்டீங்களாண்ணா? எங்களுக்கு முந்தி வந்துட்டீங்க பாருங்க!" குழந்தைவேலு நீலக்கதவை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, இங்க என்னங்க விசேசம்? டிபனுங்களா?"

"இங்க ஒண்ணும் கெடைக்காதுங்க. இது வீடு."

"அப்படிச் சொல்லிப்போடாதீங்கண்ணா, சேலத்துலயிருந்து வந்துருக்கோமுங்க. ரெண்டு பேருக்கும் பச்சை விழுந்துருக்குன்னு வண்டி சொல்லுச்சுங்க. சீட்டு பொய் சொல்லாது."

அமலோற்பவம் அவர் பின்னால் வந்து நின்றாள். கோயிலுக்கு மட்டும் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். வண்டி வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். "இத்தனை வருஷம் நீங்க சொல்லாததை, சேலத்துலேர்ந்து வந்து சொல்றாங்க பாருங்க" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மேசைமேல் போன் அடித்தது. எட்டிப் பார்த்தார். வீட்டுச் சொந்தக்காரர். செங்கேணிக்கும் இப்படி ஒரு காலையில்தான் போன் வந்தது. அது அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது. இருதயராஜ் மனைவியின் கையை விடவில்லை.

குழந்தைவேலு கழுத்தை நீட்டி வீட்டுக்குள் பார்த்தார். "ஏங்கண்ணா, எங்க முறை வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலைங்க" என்றார் இருதயராஜ். "எங்களுக்கே நேத்துதான் வந்துது."